பசையில் நின்ற நட்டு

பிரபு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். மஸ்கட்டில் ஏசி போட்ட கராஜில் நின்று நீ எடுத்த போட்டோவை உங்கப்பா தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்துவிட்டார். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசிப் பார்த்தேன்டா. நாகராஜ் என்று பெயரை எடுத்ததும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. சம்பளம், சாப்பாடு, ரூமில் கூட இருக்கிற பையனின் குறட்டை, எல்லாவற்றுக்கும் கணீரென்று கேட்கிற சிக்னல் அந்த ஒரு பெயருக்கு மட்டும் ஏன் போகிறது என்பது எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதினால் நீ நடுவில் வெட்ட முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழுந்தால் படித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டுமான கடிதம் இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற மஞ்சுளா, நாகராஜின் பெண்டாட்டி, இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒரு பக்கம் முடிந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். புரியாத இடத்தில் கன்னடத்தில் சொல்கிறேன். அவள் தலையாட்டின பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். அதனால் இதில் கோபத்தில் கூட்டியும் எழுத முடியாது, பெற்ற பாசத்தில் குறைத்தும் எழுத முடியாது. படிக்கும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உங்கப்பாவிடம் பேசியதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. லீவில் வருகிறாயாம். பெண் பார்க்கச் சொன்னாயாம். நல்ல செய்திதான், நானும் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பெண் வீட்டுக்காரர்கள் சந்தாபுராவுக்கு வர வேண்டாம், எல்லாவற்றையும் ஹோசூரில் மாமா வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், நீயும் ஏர்போர்ட்டிலிருந்து நேராக அங்கேயே போய்விடுகிறாய் என்று சொன்னாயாம். உங்கப்பா அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னார், நம் வீடு சின்னது, பிள்ளை யோசித்துத்தான் சொல்கிறான் என்று. பிள்ளை யோசித்ததுதான். ஏர்போர்ட்டிலிருந்து ஹோசூர் போகிற ரோட்டில் தான் பிறந்து வளர்ந்த தெருவை மட்டும் எப்படிச் சுற்றிக்கொண்டு போவது என்று யோசித்திருக்கிறான். ஏனென்றால் நம் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நீ கராஜ் வைத்திருந்த ஷெட். ஷெட்டை ஒட்டி நிற்பது நாகராஜின் டாக்ஸி. காலை நேரமாக இருந்தால் அதற்குள் நாகராஜும் இருப்பார்.

நீ ஃப்ளைட் ஏறுவதற்கு முந்தின நாளை நினைத்துப் பார். நான் நினைக்காத நாளே இல்லை. வீடு முழுக்கச் சாமான். நான் உனக்குப் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருந்தேன். நாகராஜ் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜினிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது, கொஞ்சம் ஓடினதும் குறைகிறது என்றார். நீ காதை வைத்துக் கேட்டுவிட்டு, புகை போகிற மேனிஃபோல்டில் கேஸ்கெட் போயிருக்கிறது, கழற்றி மாற்ற வேண்டும் என்றாய். அவர் உன் பெட்டியைப் பார்த்தார். "நாளைக்கு ஊருக்குப் போற பையன், இன்னிக்கு ஏன் தம்பி தொந்தரவு? வேற யார்கிட்டயாவது காட்டிக்கிறேன் விடு" என்றார். நீதான் விடவில்லை. "அண்ணா, நம்ம கராஜ் இருக்கும்போது வேற எவன்கிட்டயோ போவீங்களா? ரெண்டு மணி நேர வேலை" என்று சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினாய். அவர் சிரித்துக்கொண்டே, "சரிப்பா, ஸ்வல்ப நிதானமா பண்ணு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன்.

சாயங்காலம் நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். கையெல்லாம் கறுப்பு. "அம்மா, தண்ணி டேங்க் ஒழுகினப்போ ஒட்டினோமே, அந்தப் பசை எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டியில் ஏதோ உடைந்திருக்கும், ஒட்டப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சிங்க்குக்குக் கீழே குனிந்து தேடி, இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுகிற அந்தப் பசையை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வாடா என்றும் சொன்னேன்.

நீ போன பிறகு வண்டி கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஓடியது. அப்புறம் பழையபடி டக் டக். நாகராஜ் வந்து என்னிடம்தான் சொன்னார். கூடவே, இப்போதெல்லாம் ட்யூட்டி முடிந்து வந்தால் தலை விண்விண்ணென்று வலிக்கிறது, வெயில் போலிருக்கிறது என்றார். வேறு கராஜில் காட்டுங்களேன் என்றதற்கு, தம்பி செய்த வேலையை இன்னொருத்தன் பிரித்துப் பார்த்துக் குறை சொன்னால் நன்றாக இருக்காது அம்மா என்றார். அப்படிப்பட்ட மனுஷன். நான் உனக்குப் போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கிறதா? சத்தம் வருவதையும் சொன்னேன், தலைவலியையும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். சிக்னல் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அப்புறம், "சத்தம்தானேம்மா, ஓட்டச் சொல்லு, ஒண்ணும் ஆகாது. நான் லீவுல வரும்போது பாத்துக்கிறேன்" என்றாய். நான் சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, பிரபு ஒன்றும் ஆகாது என்று சொன்னான், தைரியமாக ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தைரியமாக என்ற சொல்லை நீ சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், மஞ்சுளா எழுதச் சொல்கிறாள். எலக்ட்ரானிக் சிட்டியில் மத்தியான வெயிலில் ஒரு கம்பெனி வாசலில் சவாரிக்காகக் காத்திருந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். டாக்ஸி ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். வாட்ச்மேன் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை உடைத்துத்தான் வெளியே இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் புகை மூச்சில் ஏறியிருக்கிறது, வண்டியில் எங்கேயாவது லீக் இருந்ததா என்று கேட்டார். மஞ்சுளா என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "இல்ல சார், இப்பத்தான் நம்ம தெரு பையன் எல்லாம் சரி பண்ணிக் கொடுத்தான்" என்றாள். நான் பக்கத்திலேயே நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். தெருவில் எல்லாரும் நாகராஜைத்தான் திட்டினார்கள். ஏசி போட்டுக்கொண்டு அப்படி என்ன தூக்கம் என்றார்கள். நீயும் போனில் அதையேதான் சொன்னாய்.

வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தார். பிழைத்து எழுந்தாரே என்று நான் எல்லம்மாவுக்கு விளக்குப் போட்டேன். சில வாரம் போயிருக்கும். ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார், சிரித்தோம். இன்னொரு நாள் பால் வாங்கப் போனவர் சந்தாபுரா சர்க்கிளில் நின்றுகொண்டு வீடு எந்தப் பக்கம் என்று பூக்காரியிடம் கேட்டிருக்கிறார். பெங்களூரின் சந்துபொந்தெல்லாம் மேப் பார்க்காமல் ஓட்டினவர்டா அவர். இப்போது டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது. புகை ஏறினவர்களில் சிலருக்கு முதலில் தேறினது போல இருந்து பிறகுதான் மூளை அடிபட்டது தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினம் ஒரு பெயர் போகிறது. கூடப் பிறந்த தங்கச்சி பெயர் போய்விட்டது. மஞ்சுளா வேலை செய்கிற பொம்மசந்திரா கார்மெண்ட்ஸின் பெயர் போய்விட்டது. இவளை இன்னும் தெரிகிறது. நேற்று ஒருமுறை கூப்பிட வாயெடுத்துவிட்டு நின்றுவிட்டார் என்கிறாள்.

நாகராஜின் கூடப் பிறந்த தம்பி வண்டியைக் கொண்டுவந்து உன் ஷெட் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார், அவர்கள் வீட்டு முன்னால் இடமில்லை என்று. நின்ற வண்டிக்குள் எலி குடி வந்துவிடும் என்று மஞ்சுளா ஒருநாள் பானெட்டைத் திறந்து துடைத்திருக்கிறாள். இன்ஜினுக்குக் கீழே ஒரு தகட்டின் மேல் ஒரு நட்டு கிடந்ததாம். எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஊட்டா ஆயிதாம்மா?" என்று வழக்கம்போலச் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்து, "இது உங்க ஃபேக்டரி சாமான் மாதிரியே இருக்கு பாருங்க. எங்கேருந்து விழுந்துதோ, முக்கியமானதான்னு சொல்லுங்க" என்று என் கையில் வைத்தாள்.

நான் பொம்மசந்திராவில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்தே முடி நரைத்தவள். இரண்டு முனையிலும் மரை வெட்டின, தலையில்லாத போல்ட், ஸ்டட் என்பார்கள், அதுதான் எனக்குச் சோறு போட்டது. உனக்கும் போட்டது. ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்க்கிற கேஜில் சுற்றிப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்பு டப்பாவில் போடுவேன். ரிஜெக்ட் அக்கா என்றுதான் ஃபேக்டரியில் பெயர். அந்த நட்டைத் திருப்பிப் பார்த்தேன். நட்டுக்குள்ளே உடைந்த ஸ்டட்டின் துண்டு அப்படியே இருந்தது. தானாக உதிர்ந்த நட்டில் துண்டு இருக்காது. யாரோ துருப்பிடித்ததை முறுக்கி உடைத்திருக்கிறார்கள். உடைந்த முகத்தைச் சுற்றிச் சாம்பலாய்ப் போன ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் கொஞ்சம் வேகாமல் மிஞ்சியிருந்தது. நம் வீட்டுத் தண்ணி டேங்கில் இருக்கிற அதே பச்சை கலந்த சாம்பல் நிறம். மஞ்சுளா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அவள் போனதும் நானே போய் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேனிஃபோல்டைப் பிடிக்கிற கடைசி இரண்டு ஸ்டட்டும் இன்ஜின் ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தன. ஒன்றின் நட்டு என் கையில். இன்னொன்றின் நட்டு விழுந்து எந்த ரோட்டில் கிடக்கிறதோ. அந்த முனையில் மேனிஃபோல்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சுற்றிலும் கரி. அதற்கு நேர் மேலேதான் வண்டிக்குள்ளே காற்று போகிற வழி.

இதை நீ தெரியாமல் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாவது இருந்திருக்கும். உனக்குத் தெரியாத வேலையா இது? கராஜ் ஆரம்பித்த புதிதில் ஒரு ஸ்கூல் வேன் வந்ததே, அதிலும் இதே மாதிரி ஸ்டட் உடைந்தது. ஸ்கூல்காரர் வந்து காட்டுக் கத்தல் கத்தினார். நீ அசையவே இல்லை. துருவுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டாய். உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு பண்ணினாய், பிடிக்கவில்லை, மறுபடி பண்ணினாய். நான் டீ கொண்டுவந்து நின்றபோது, "வெல்டு பண்ற சூட்டுல உள்ள இருக்கிற துரு விட்டுக்கும்மா. எடுத்ததும் கழட்டக் கூடாது. கொஞ்சம் இறுக்கணும், கொஞ்சம் விடணும். முரண்டு பிடிச்சா ஆறவிட்டு மறுபடி சூடு பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரைக் கால் சுற்று போட்டாய். அது கிறீச் என்று ஒரு சத்தம் போட்டு அசைந்தது. உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அதை நான் ஃபேக்டரியில் போய் எல்லாரிடமும் சொன்னேன். என் பையனுக்குக் கை நிதானம் என்று பீற்றிக்கொண்டேன். அந்தக் கைதான் நாகராஜின் வண்டியில், ஆறின இன்ஜினில், துருவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாமல், நாளைக்கு ஃப்ளைட் என்று நட்டு கழற்றுகிற ஏர் கன்னை வைத்து அடித்து உடைத்தது. உடைந்தது கூடப் போகட்டும். இரும்பு உடையத்தான் செய்யும். அண்ணா, இரண்டு உடைந்துவிட்டது, எனக்கு நேரமில்லை, வண்டியை எடுக்காதீர்கள், வேறு ஆளிடம் காட்டுங்கள் என்று அவர் வீட்டு வாசலில் நின்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பருப்புப்பொடி ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. நீ நட்டைப் பசையில் ஒட்டி, மேலே கரியைப் பூசி, சாவியைக் கொடுத்தாய். அந்தப் பசை அந்தச் சூட்டில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். நீ ஃப்ளைட் ஏறுகிற வரைக்கும் நின்றால் போதும் என்று நினைத்தாய்.

உங்கப்பாவிடம் நட்டைக் காட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. "ஒரு நட்டுதானே, ராஜகால்வாயில தூக்கிப் போடு" என்றார். மஞ்சுளாவுக்கு என்ன சொல்வது என்றேன். "அவளுக்கு என்ன தெரியும்? நீ வாயத் திறக்காத வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஒரே பையன். இப்பத்தான் தலை எடுத்திருக்கான். போலீஸ், கேஸுன்னு ஆனா அவன் திரும்பி வரவே மாட்டான், பாத்துக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை என்பது உனக்கும் தெரியும். பயந்துவிட்டார். அப்புறம் கோபத்தில், நீ வளர்த்த லட்சணம் என்று ஒரு வார்த்தை விட்டார். அன்று நட்டு சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடத்தில் அம்மாமார் எழுதுகிற கடிதத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் என் தப்புதான், உன்னைச் சரியாக வளர்க்கவில்லை, ஷிஃப்ட் ஷிஃப்ட் என்று ஓடினேன், மன்னித்துவிடு கண்ணா என்று வரும். நானும் தேடிப் பார்த்தேன். உன்னை அடித்திருக்கிறேன், கேட்டதை வாங்கித் தராமல் இருந்திருக்கிறேன், ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து உன் பரீட்சை நாளை மறந்திருக்கிறேன். அதெல்லாம் என் கணக்கு. இந்த நட்டு அதில் இல்லை. பசையை நான் கொடுத்தேன், உன் பேச்சை நான் கொண்டுபோய்ச் சொன்னேன். இரண்டும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகின்றன, சாகிற வரை குத்தும். ஆனால் நீ என் கையையும் வாயையும் எனக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டாய். அதற்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? உன் தப்பை நான் என் தப்பு என்று எடுத்துக்கொண்டால் உனக்கு வேலை சுலபமாகிவிடும். அம்மா அழுது முடித்துவிட்டாள், இனி நாம் பெண் பார்க்கலாம் என்று இருந்துவிடுவாய். அந்தச் சுலபத்தை நான் உனக்குத் தர மாட்டேன்.

மறுநாள் காலையில் மஞ்சுளா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் நாகராஜுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். நட்டை அவள் பக்கத்தில் வைத்து, இது எங்கே இருந்தது, எப்படி விழுந்தது, யார் ஒட்டினது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊட்டுவதை நிறுத்தவே இல்லை. தட்டு காலியானதும் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுவந்தீங்களே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?" இல்லை, நேற்றுத்தான் என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னு வாசல்ல வந்து சொன்னீங்களே?" ஆமாம், சொன்னேன் என்றேன். "ஹோகி அம்மா" என்றாள். போங்கள் என்றாள், அவ்வளவுதான். அப்புறம் நாள்கணக்கில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே நம் வாசலுக்குத் திரும்பி வந்தது. அது நியாயம்தான்.

பிறகு ஒரு காலை, அழுதுகொண்டே ஓடி வந்தாள். நாகராஜ் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார், அவளுக்கு வேலைக்கு நேரமாகிறது, நீங்கள் வந்து சொல்லுங்கள் என்றாள். போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அம்மா, பிரபு எங்கே?" என்றார். மூடியிருந்த உன் ஷெட்டைக் காட்டி, "வண்டிய சர்வீஸுக்கு விட்டிருக்கேன். தம்பி சாப்பிடப் போயிருக்கானா?" என்று கேட்டார். அவர் தலைக்குள்ளே அந்த நாள் இன்னும் முடியவில்லை. வண்டியை உன்னிடம் விட்டிருக்கிறார், நீ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மஞ்சுளா பஸ்ஸுக்குப் போகும்போது அவரை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். வேறு யாரிடமும் இருக்க மாட்டேன் என்கிறார். அவளுக்கும் வேறு வழியில்லை, எனக்கும் வேறு வழியில்லை. இப்படித்தான் நாங்கள் இருவரும் மறுபடி பேச ஆரம்பித்தோம். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எழுதியதை இப்போது படித்துக் காட்டினேன். மன்னிக்கவில்லை என்று தெளிவாக எழுதச் சொல்கிறாள்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "போலீஸுக்குப் போறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அதை உங்க பையன் கேட்கக் கூடாது. வண்டிய விக்கணும்னா அந்த ரெண்டையும் எடுக்கணும். வேற மெக்கானிக் வந்து பார்த்தான், நான் தொட விடல. உடைச்சவன் வந்து எடுக்கட்டும். எடுத்துட்டு, இவர் முன்னாடி நின்னு, நான்தான் பண்ணேன்னு இவருக்குச் சொல்லட்டும். இவருக்குப் புரியுதோ இல்லையோ, சொல்லட்டும்." இதுதான் அவள் பேச்சு. இதற்கு மேல் நான் கெஞ்சவும் இல்லை, பேரம் பேசவும் இல்லை. வந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமோ என்று நீ பயப்படுவாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் வா என்றுதான் எழுதுகிறேன். உனக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களிடமும் நான் மறைக்க மாட்டேன். ஹோசூரில் வைத்தாலும் நான் வந்துதானே ஆக வேண்டும், வாய் என்னிடம்தானே இருக்கிறது.

வேலையில் ஒன்று உடைந்தால் உடைந்தது என்று சொல்லிவிடு. அதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. ஷெட்டின் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உன் வெல்டிங் மெஷினுக்கு ஈரம் படாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு துண்டுக்கும் நான் தினமும் காலையில் எண்ணெய் விடுகிறேன், நீ சொல்லித் தந்தபடி. இப்போது நன்றாக ஊறியிருக்கும்.

இன்று காலையும் அவர் கேட்டார். பிரபு வந்தானா என்றார். வருகிறான் என்றேன். "வரட்டும் அம்மா. ஸ்வல்ப நிதானமா பண்ணட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவருக்கு அவசரமில்லைடா. எனக்குத்தான் அவசரம். கூடப் பிறந்தவளின் பெயர் போய்விட்டது, மஞ்சுளாவின் பெயர் தட்டுத் தடுமாறுகிறது, உன் பெயரை மட்டும் அவர் இன்னும் தப்பில்லாமல் சொல்கிறார். அது போவதற்குள் வந்து சேர்.

அம்மா